இருபத்துமூன்றாம் வீடு

வெளிநாட்டிலிருந்து ஒரு பருவம் படிக்க வரும் மாணவர்களை மேற்பார்வை செய்வது எப்படி என்று எழுதித் தரும்படி, கல்லூரி ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறாள். அவளுடைய கல்லூரிக்கு இப்போது அப்படி ஆட்கள் வருகிறார்களாம். வந்த வாரமே ஒருவன் காணாமல் போய், மூன்றாம் நாள் கோவளத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தானாம். "சார் இருந்தப்ப இப்படி நடந்திருக்காது. எல்லாத்துக்கும் சார் ஒரு முறை வச்சிருந்தீங்கன்னு சொன்னாங்க" என்றாள்.

முறைகள் வைத்திருந்தது உண்மை. அவற்றை இன்றைக்கும் வரிசை பிசகாமல் சொல்வேன். அவை எந்த இடத்தில் எனக்கு உதவின என்பதையும் சேர்த்து எழுதப் போகிறேன். அவளுக்கு அது பயன்படுமா என்று தெரியாது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திருவனந்தபுரத்தில் பி.ஏ.; பிறகு ஒரு வருடம் கிராம மேம்பாட்டுப் பயிற்சி. அதில் கக்கூஸ் குழி தோண்டுவதையும் அறிக்கை எழுதுவதையும் கற்றுத் தந்தார்கள். இரண்டாவதில் நான் முதல் மாணவன். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், ஃபைலில் ஆங்கிலம். மூன்றிலும் பிழையில்லாமல், முத்து முத்தாக எழுதுவேன். அமரவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே, பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமப் பயிற்சி நிலையத்தில் மாணவர் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் தகுதிகாண் பருவம். அது ஒழுங்காக முடிந்தால் நிரந்தரம். பின்னால் நடந்ததற்கு இதுதான் காரணம் என்று யாராவது எனக்காகப் பரிந்து பேசக்கூடும். அது காரணமாகப் போதாது என்பது என் அபிப்பிராயம்.

அவை எல்லைப் போராட்ட வருடங்கள். தெற்குத் தாலுகாக்கள் மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழர் ராஜ்யத்தோடு சேருமா, எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா எந்தப் பக்கம் விழும் என்பதுதான் எங்கும் பேச்சு. எங்கள் முக்குச் சாயாக்கடையில் இடது பெஞ்சில் ஒரு பத்திரிகை கிடக்கும், வலது பெஞ்சில் அதற்கு எதிரான பத்திரிகை. அப்படி ஒரு காலத்தில் ஹாலந்திலிருந்து நான்கு மாணவர்கள் பெட்டியும் கொசுவலையுமாக வந்து இறங்கினார்கள். இரண்டு ஆண், இரண்டு பெண். நான்கு மாதம் தங்கி, கிராமக் குடும்பங்களைப் பற்றி ஆளுக்கொரு ஆய்வறிக்கை எழுதிக்கொண்டு போக வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு முதல் வாரம் செய்ய வேண்டியவை இவை. ஒன்று, வந்த தகவலைப் போலீஸ் ஸ்டேஷனில் நான்கு பிரதிகளாகக் கொடுக்க வேண்டும். அங்க அடையாளம் எழுத ஒரு கட்டம் உண்டு. பீட்டர் என்ற பையனின் மூக்கு அதற்குள் வெயிலில் உரிந்திருந்தது, அதை எழுதலாமா என்று கேட்டான். இரண்டு, கொதித்து ஆறிய தண்ணீர் தவிர வேறு தண்ணீர் கூடாது. மூன்று, வெளியே போகும்போது எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று புறப்பாட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒருவரும் தனியே போகக் கூடாது. நான்கு, எல்லையைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது.

நான்காவது விதி மூன்று நாள் தாங்கியது. சாயாக்கடையில் பீட்டர், கற்றுக்கொண்ட நாலு வார்த்தையில், "இது எந்த ராஜ்யம்?" என்று கேட்டுவிட்டான். இரண்டு பெஞ்சும் நிமிர்ந்தன. 

கடைக்காரர் கண்ணாடித் தம்ளரை அவன் முன்னால் வைத்தார். "சாயயக் குடி மக்கா. நீ குடிச்சு முடிக்கயில ஏதாவது முடிவாவும்."

"முடிவானாலும் இவன் சீனி கூட்டிப் போடமாட்டானாக்கும்" என்றது வலது பெஞ்ச். இடது பெஞ்சும் சிரித்தது. அன்றைக்கு அப்படிப் போயிற்று.

என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரியன் சார்தான் நிலையத்தின் பிரின்சிபால். வடக்கே கோட்டயம் பக்கத்துக்காரர். வெள்ளை ஜுப்பா, நீண்ட விரல்கள், மெல்லிய குரல். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, உத்தரவிட்டும் பார்த்ததில்லை. எதைச் சொன்னாலும் முடிவில், "விரோதமொந்நுமில்லல்லோ?" என்பார். ஆட்சேபம் எதுவும் இல்லையே என்று அர்த்தம். ஆட்சேபம் சொன்ன ஆளை நான் கண்டதில்லை. மேஜையில் எப்போதும் மூன்று பென்சில். பழைய பிளேடால் அவரே சீவுவார். சீவல் மேஜையில் விழாது, காகிதம் விரித்து அதில் விழச் செய்து மடித்துக் கூடையில் போடுவார். ஃபைலில் எழுதுவதெல்லாம் பென்சிலில்தான். நாம் அதை மையால் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிய பிறகு, தம் பென்சில் எழுத்தை ரப்பரால் நிதானமாக அழித்து, பொடியை ஊதிவிடுவார். ஆகவே அந்த நிலையத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள் எல்லாம் எங்கள் கையெழுத்தில் இருக்கின்றன. அவரிடமிருந்து வேலை கற்றேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தில் அச்சடித்த கேள்வித்தாளோடு வந்திருந்தார்கள். வீட்டில் எத்தனை பேர், என்ன தொழில், கிணறு உண்டா, இப்படி. ஏழாம் கேள்வி, வீட்டில் பேசும் மொழி எது என்பது. ஹாலந்தில் யாரோ ஒரு பேராசிரியர் சாதாரணமாகச் சேர்த்த கேள்வி. இங்கே அது வெடிமருந்து.

குரியன் சார் தாளைப் பார்த்துவிட்டு, ஏழாம் கேள்வி அவசியமா என்று கேட்டார். அச்சடித்துவிட்டது, அவர்களுக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் வேண்டும் என்றேன். "எங்கில் எழுதட்டெ. பேர் வேண்டா" என்றார். அப்படியானால் எழுதட்டும், பெயர் மட்டும் வேண்டாம் என்று. மாணவர்களுடைய பல்கலைக்கழக விதியும் அதுவேதான். கேள்வித்தாளில் வீட்டு எண் மட்டும் இருக்கும். எந்த எண் யார் வீடு என்பது தனியாக ஒரு நோட்டில். அந்த நோட்டு என் அலமாரியில், சாவி என்னிடம். பருவம் முடியும்போது ஒரு மாணவர் முன்னிலையில் நோட்டை எரித்துவிட வேண்டும்.

வாசலில் சொல்ல வேண்டிய ஓர் உறுதிமொழியும் உண்டு. "நீங்கள் சொல்வது உங்கள் பெயரோடு எங்கும் போகாது." தமிழிலும் மலையாளத்திலும் அதை எழுதிக் கொடுத்தது நான். மார்கிரெத் என்ற பெண் இரண்டையும் மனப்பாடம் செய்தாள். அவள் தன் ஊரில் ஒரு வருடம் பழைய பாதிரிமார் இலக்கணத்தை வைத்துத் தமிழ் படித்தவள். "தங்கள் இல்லத்தில் யாவரும் நலமோ?" என்று அவள் கேட்கும்போது, கிழங்கு நறுக்கிக்கொண்டிருக்கும் பெண்கள் கத்தியை வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

நடுநிலைக்காக நான் ஓர் ஏற்பாடு செய்தேன். பீட்டர் ஜோடிக்கு மொழிபெயர்க்க பாஸ்கரன். அவன் மலையாளத்தில் கேட்பான். மார்கிரெத் ஜோடிக்குச் செல்லையன். அவன் தமிழில் கேட்பான். குன்னத்துகால் பக்கத்துக் கிராமம் ஒன்றை வரைபடத்தில் இரண்டாகப் பிரித்துக் கொடுத்தேன். அதில்தான் தப்பு விழுந்தது. நடுவில் இருந்த ஒரு சந்துத் தெருவை இரண்டு வரைபடத்திலும் சேர்த்து வரைந்திருக்கிறேன். அந்தச் சந்தின் வீடுகளுக்கு இரண்டு ஜோடியும் போயிருக்கிறார்கள், வேறு வேறு நாளில்.

ஒரு மாலை மார்கிரெத் இரண்டு கட்டுத் தாள்களோடு என் மேஜைக்கு வந்தாள். அந்தச் சந்தில் பாஸ்கரனிடம் எல்லா வீட்டுக்காரர்களும் மலையாளம் என்று சொல்லியிருந்தார்கள். அதே வீட்டுக்காரர்கள் செல்லையனிடம் தமிழ் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வீடு விடாமல்.

"மொழிபெயர்ப்பாளர்கள் பொய் எழுதினார்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்று எனக்குத் தெரியும். நான் அந்தப் பக்கத்துக்காரன். என் வரைபடப் பிழை வெளியே வந்துவிடுமே என்பதுதான் அப்போது என் கவலை. அவள் விடவில்லை. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தானே போய்க் கேட்க வேண்டும் என்றாள். ஒருவரும் தனியே போகக் கூடாது என்பதால், புறப்பாட்டுப் புத்தகத்தில் என் பெயரையும் எழுதிவிட்டு உடன் போனேன்.

முதல் வீட்டில் ஓர் அம்மாள் புன்னைக்காய் உலர்த்திக்கொண்டிருந்தார். மார்கிரெத் இரண்டு தாளையும் காட்டி, எது மெய் என்று கேட்டாள்.

"பாஸ்கரன் மலையாளத்துல கேட்டான், மலையாளம்ணு சொன்னேன். செல்லையன் தமிழுல கேட்டான், தமிழுண்ணு சொன்னேன். வாறவனுக்க பாஷையில சொல்லாம பின்ன எதுல சொல்லதுக்கு? ஒரு மரியாத இல்லியா?"

"ஆனால் மெய் எது, அம்மையே?"

"ரெண்டும் உண்டு பிள்ள. நீ எதாக்கும்?"

"என் மொழி டச்சு."

"அப்பம் அதையும் எழுதிக்கிடு."

அவள் எழுதிக்கொண்டாள். சொன்னபடியே எழுதினாள். அதுதான் அவளிடம் இருந்த குணம்.

சந்தின் கடைசியில், பெரிய பலாமரம் நின்ற வளவு. எங்கள் நோட்டில் அது இருபத்துமூன்றாம் எண் வீடு. தங்கையா என்பவர் வீடு. அரசாங்கத் தொடக்கப் பள்ளியில் வாத்தியார். மெலிந்த மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மனைவி பொன்னம்மாவுக்கு இழுப்பு நோய். பேச்சுக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வரும். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். மார்கிரெத் உறுதிமொழியைச் சொல்லி முடித்ததும், தங்கையா என்னைப் பார்த்தார்.

"சாறே, இந்தப் பிள்ள எழுதிக்கிடட்டும். எனக்க பேரு எங்கயாவது போவுமா?"

"போகாது" என்றேன். அவர் முன்னாலேயே நோட்டைத் திறந்து பெயரை எழுதினேன். இனிஷியலைக் கேட்டு எழுதினேன்.

"சாறு சொன்னா செரி." பிறகு மார்கிரெத்தைப் பார்த்துச் சொன்னார். "எனக்க வீட்டுல தமிழாக்கும். பள்ளிக்கூடத்துல மலையாளம். பாஸ்கரன்கிட்ட சொன்னது பொய்யில்ல, பாதி. சாயங்காலம் இஞ்ச உள்ள பிள்ளையளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்குடுக்கேன். வீட்டுல பேசதப் பிள்ளையளுக்கு எழுதத் தெரியல்ல, பாத்துக்க. போராட்டத்துக்கொண்ணும் நான் போறதில்ல. எனக்கு அதுக்கு நேரமும் இல்ல, தைரியமும் இல்ல."

"தைரியமில்லாதவருக்க வீட்டுல தெனமும் பிள்ளைய கெடந்து கூப்பாடு போடுது" என்றார் பொன்னம்மா.

"இவ சொல்லத எழுதாண்டாம்" என்றார் தங்கையா. சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "மேல தெரிஞ்சா ஹைரேஞ்சுக்கு மாத்துவினும். எனக்கு எங்கயானாலும் சோறு. இவளுக்கு அங்கத்தக் குளிரு ஆவாது. அதாக்கும் கேட்டேன்."

மார்கிரெத் எல்லாவற்றையும் எழுதினாள், சாயங்கால வகுப்பையும். எண் இருபத்துமூன்று. திரும்பி வரும்போது அவள் சந்தோஷமாக இருந்தாள். கேள்வியே தப்பு, அதுதான் என் அறிக்கையின் விஷயம் என்றாள். அது நல்ல அறிக்கையாக இருந்திருக்கும்.

சில வாரம் கழித்துத் தெற்கே துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தது. சாயாக்கடையில் இரண்டு பெஞ்சும் காலியாகக் கிடந்தன. மாணவர்களை வெளியே விடவில்லை. அந்த வாரத்தில் ஒரு முற்பகல், குரியன் சார் அறைக்கு ஒருவர் வந்தார். எந்த ஆபீஸ் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தோல் பை, நல்ல செருப்பு. வாராவாரம் குரியன் சார் பார்ப்பதற்காக வைத்திருந்த கேள்வித்தாள்கள் எல்லாம் அவர் முன்னால் இருந்தன. என்னைக் கூப்பிட்டார்கள். போனபோது மேலே இருந்த தாள் எண் இருபத்துமூன்று.

குரியன் சார் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். இவருக்கு அந்த எண்–பெயர் நோட்டை ஒரு தடவை காட்டலாமா என்று மெல்லக் கேட்டார். "விரோதமொந்நுமில்லல்லோ?"

இந்த இடத்தை நான் பல தடவை மனதில் எழுதிப் பார்த்திருக்கிறேன். அந்த நோட்டை வெளியே தரக் கூடாது என்ற விதி எழுத்தில் இருந்தது, எழுதியவன் நான். அதை எடுத்துக் காட்டியிருக்கலாம். பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் இரண்டு மாதம் ஓடியிருக்கும். ஒன்றுமில்லாவிட்டால், ஆட்சேபம் உண்டு என்று சொல்லியிருக்கலாம். கேட்டதே அதைத்தானே. என்னை யாரும் மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. என் தகுதிகாண் பருவம் முடிய ஐந்து வாரம் இருந்தது. அதைப் பற்றியும் யாரும் பேசவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். என் வீட்டிலும் தமிழ்தான் என்பதையும் நானாக நினைத்துக்கொண்டேன்.

அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்து வந்தேன். துணியால் தூசி துடைத்துவிட்டுக் கொடுத்தேன்.

வந்தவர் புரட்டினார். அழகான கையெழுத்து என்றார். அந்த நிமிஷத்தில், சொல்லவே நாக்கூசுகிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபத்துமூன்றில் விரலை வைத்து, வீடு எது என்று கேட்டார். பலாமரம் நிற்கும் வளவு, சந்தின் கடைசி என்றேன். அதை அவர் இரண்டாவது தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை.

நோட்டை இரண்டு நாளில் திருப்பித் தருவதாகச் சொல்லி எழுந்தார். அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். அலுவலகப் பொருள் ஒப்புகை இல்லாமல் வெளியே போகக் கூடாது என்று சொல்லி, ஒரு தாளில் எழுதி நீட்டி, அவரிடம் ரசீது வாங்கினேன். குரியன் சார் என்னை மெச்சுகிற மாதிரிப் பார்த்தார். ஒரு மனிதரைக் கொடுத்துவிட்டு, நோட்டுக்கு ரசீது வாங்கியவன் நான். கையெழுத்து படிக்கும்படி இல்லை.

சொன்னபடி இரண்டு நாளில் நோட்டு வந்தது. ஒரு மாதத்துக்குள் தங்கையாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மலையில், தேவிகுளத்துக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடம். அவர் நேரே என்னிடம்தான் வந்தார். விஷயம் தெரிந்து வரவில்லை. உதவி கேட்டு வந்தார்.

"எவனோ பாத்துச் சொல்லியிருக்கான் சாறே. போட்டு. ஒரு பெட்டிஷன் எழுதணும். இவளுக்க சொகக்கேட்டக் காட்டி. சாறு எழுதினா அதுல ஒருத்தன் குத்தம் காணமாட்டான்."

உட்காரச் சொன்னேன். வைத்தியரின் சான்று, எத்தனை வருட வேலை, முன்னால் புகார் உண்டா என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே எழுதி வீட்டுக்குக் கொண்டு வருகிறேன் என்றேன். அவர் கைகூப்பினார். நான் பதிலுக்குக் கூப்பினேன்.

அந்த வாரம் சனிக்கிழமை நோட்டை எரிக்கும் நாள். சாட்சிக்கு மார்கிரெத். சமையலறைப் பின்கட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. விதிப்படி எரிப்பதற்கு முன்னால் பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா என்று சாட்சி பார்க்க வேண்டும். அவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். இருபத்துமூன்றுக்கு நேரே ஓரத்தில் ஒரு சின்னப் பென்சில் குறி இருந்தது. வந்தவர் இட்டதா, குரியன் சார் அழிக்க மறந்ததா தெரியாது. நான் அதுவரை அதைப் பார்க்கவே இல்லை. திரும்பி வந்த நோட்டைத் திறக்காமல் அலமாரியில் வைத்துவிட்டேன். திறக்காமல் வைத்ததிலிருந்தே என் மனம் உங்களுக்குப் புரியும்.

மாற்றல் செய்தி அவளுக்கு எட்டியிருந்தது. "இதை யார் பார்த்தார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மேலதிகாரி கேட்டார். ரசீது இருக்கிறது" என்றேன்.

ரசீதைப் பார்க்க வேண்டும் என்றாள். கொண்டு வந்து காட்டினேன். படித்தாள். திருப்பித் தந்தாள். நோட்டை அடுப்பில் போட்டுவிட்டு, எரிந்து முடியும்வரை நின்று, சாட்சிக் கையெழுத்தும் போட்டாள். பிறகு புறப்பாட்டுப் புத்தகத்தில், "இருபத்துமூன்றாம் வீட்டுக்கு, தனியாக" என்று எழுதிவிட்டுப் போனாள். திரும்பி வந்ததும் என்னிடம் வந்து, "அவரிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்வீர்களோ மாட்டீர்களோ என்று எனக்குத் தெரியவில்லை" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மார்கிரெத் தன் அறிக்கையிலிருந்து அந்தச் சந்து வீடுகளைப் பற்றிய அத்தியாயத்தை முழுக்க எடுத்துவிட்டாள். கொடுத்த உறுதி மீறப்பட்டதால் இந்தத் தகவலைப் பயன்படுத்த எனக்கு உரிமை இல்லை என்று ஒரு வரி மட்டும் எழுதினாள். அறிக்கை பாதியாயிற்று, மதிப்பெண்ணும் அப்படியே ஆகியிருக்கும். அவளைப் பற்றிய மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்ப வேண்டியவன் நான். விதிகளைப் பின்பற்றுதல் என்ற கட்டத்தில், தனியே வெளியே போன குற்றத்துக்காக, "போதாது" என்று எழுதினேன். படிவம் அதைத்தான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் மனு கொடுக்கக் கெடு திங்கட்கிழமை. அதனால் போனேன். சந்தில் நடக்கும்போது பதில்களைத் தயார் செய்துகொண்டேன். எதுவும் தேவைப்படவில்லை.

தங்கையா வாசலில் நின்றிருந்தார். உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டார். மனுவை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். மலையாளத்தில் ஒன்றரைப் பக்கம். நான் எழுதியவற்றிலேயே நல்ல மனு அதுதான்.

"நல்ல எழுத்தாக்கும்" என்றார். "அந்த நோட்டுல எனக்க பேர எழுதினதும் இந்தக் கை தானே."

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

"பெட்டிஷன்ல ஒரு குத்தமும் இல்ல. அண்ணு இஞ்ச இருந்து, போவாதுண்ணு சொன்னீரு. எனக்கு இது ஒண்ணுதான் மனசிலாவல்ல. போவும்ணு சொல்லியிருந்தா நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்திருப்பேன். ஒருத்தருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல."

"அப்போது அப்படித்தான் நினைத்துச் சொன்னேன்" என்றேன்.

"உள்ளதாயிருக்கும்" என்றார். பேனாவை எடுத்து, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பொன்னம்மா காப்பி கொண்டு வந்து வைத்தார். வேலைக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு அவரைத் தெரியும். வழியில் பார்த்தால், "சாறுக்க வீட்டுல எல்லாருக்கும் சொகந்தானே" என்பார். அன்றைக்கு, "சாறு காப்பி குடிக்கணம்" என்று மலையாளத்தில் சொன்னார், ஆபீஸிலிருந்து வந்த யாரிடமோ சொல்வதைப் போல. காப்பியைக் குடித்தேன். குடிக்காமல் எழுந்திருக்கத் தைரியம் இல்லை.

மனு ஒரே வரியில் தள்ளுபடி ஆயிற்று. என் வேலை நிரந்தரமாயிற்று. இரண்டும் ஒரே மாதம். பலாமரத்தடியில் பிள்ளைகள் சத்தம் நின்றது. வேறு யாரும் அந்த வகுப்பை எடுக்க முன்வரவில்லை. எல்லையும் தீர்மானமாயிற்று. தெற்குத் தாலுகாக்கள் தமிழ்ப் பக்கம் போயின, நாங்கள் மலையாளப் பக்கம் நின்றோம். பொன்னம்மா மலையில் இரண்டு குளிர்காலம் தாங்கினார். பிறகு கீழே ஆரியங்கோட்டில் தமையன் வீட்டுக்கு வந்துவிட்டார். தங்கையா விடுமுறைக்கு மட்டும் வந்து போனார். ஓய்வு பெறும்வரை அவர்களுக்கு அதுதான் குடும்ப வாழ்க்கை. பிறகு பழைய வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். ரேஷன் கடையில், கல்யாண வீட்டில் பார்ப்போம். "சொகந்தானே" என்பார், "சுகம்" என்பேன். என்னைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. கேள்விப்பட்டிருந்தால் ஊரைவிட்டுப் போயிருப்பேன், அல்லது ஏதாவது சமாதானம் எழுதியிருப்பேன்.

சில வருடம் முன்பு அவர் இறந்தார். பதினாறாம் நாள் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். ஊரில் படித்தவர், பழகியவர் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். மறுக்க ஒரு நல்ல காரணம் கிடைக்கவில்லை. உண்மையான காரணத்தைச் சொல்ல முடியவில்லை. பேசினேன். பிறந்த ஊர், படிப்பு, எளிமை, எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை என்பது, எல்லாம் வரிசையாகச் சொன்னேன். "சில காலம் மலைப்பகுதியிலும் பணியாற்றினார்" என்றேன். பணியாற்றினார் என்ற வார்த்தையைத் தேர்ந்தெடுத்துப் போட்டேன். நன்றாக இருந்தது என்று நாலைந்து பேர் வந்து கையைப் பிடித்தார்கள்.

பொன்னம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்ததும் மகள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என்னிடம் வந்தார். மூச்சு வாங்கியது. பேசுவதற்கு முன்னால் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

"சாறே, பிரசங்கத்துல ஒரு எடம் விட்டுப்போச்சு."

தலையாட்டினேன்.  அவர் மகளிடம், "வா பிள்ள, வந்தவியளுக்குக் காப்பி குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டு பந்தலின் மறுபக்கம் போனார்.